கிண்ணம் மாறிய ஞாயிறு



சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நலக்கல்விப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தொற்றுநோய்களைப் பற்றிய பாடம். ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், எய்ட்ஸ் உள்ளவர் குடித்த குவளையில் நாம் குடித்தால் நமக்கும் வருமா?" என்று கேட்டான். வராது என்று உடனே சொல்லிவிட்டேன். எச்சிலால் பரவாது, தொடுவதால் பரவாது, ஒரே மேசையில் அமர்வதால் பரவாது என்று விளக்கமும் கொடுத்தேன். அவன் விடவில்லை. "அப்படியானால் ஏன் டீச்சர் எல்லாரும் பயப்படுகிறார்கள்?" என்றான். நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது.

நல்ல வேளை என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1999ஆம் ஆண்டில் நானும் பயந்தவள்தான்.

அப்போது பேராக்கில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றினேன். என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய தந்தை லாரியில் உதவியாளாக வேலை செய்தவர். இளமையில் போதை ஊசிப் பழக்கத்தில் விழுந்து, பின்னர் அதிலிருந்து மீண்டவர். திருமணத்திற்குப் பின் எங்கள் ஆலயத்திற்கே குடும்பத்தோடு வரத் தொடங்கினார். ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஒரு நாள் மருத்துவமனையில் அவருக்கு எச்.ஐ.வி. என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி எப்படியோ ஊருக்குள் கசிந்தது.

மூன்று பெற்றோர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். குழந்தைக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. தங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அவள் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. சன்னலோரம் ஒரு தனி மேசையைப் போட்டு, "இங்கே காற்று நன்றாக வரும்" என்று அவளிடம் பொய் சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் பள்ளி முடிந்ததும் ஒரு ஈரத்துணியை எடுத்து அந்த மேசையைத் துடைத்துவிட்டுப் போவாள். தாயார் சொல்லி அனுப்பியிருந்தாராம். அதைப் பார்த்தும் நான் அவளைப் பழைய இடத்துக்கு மாற்றவில்லை.

ஆலயத்தில் நடந்தது இதைவிட நாகரிகமாக நடந்தது. அதுவரை எங்கள் சபையில் திருவிருந்தின்போது ஒரே கிண்ணம்தான். வரிசையாக முழந்தாளிட்டு எல்லாரும் அதிலிருந்தே பருகுவோம். அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று சிறு சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் வந்துவிட்டன. "சுகாதாரத்தை முன்னிட்டு" என்று அறிவிப்பு. யாரும் காரணம் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு பிரசங்கம் முடிந்ததும் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். நாற்காலிகளை அடுக்குவதற்கு மட்டும் திரும்பி வருவார். (சிறு கிண்ணங்களே தவறென்று நான் சொல்லவில்லை. கொரோனா காலத்திற்குப் பிறகு அப்படிச் சொல்லவும் முடியாது. அன்று மாற்றிய நோக்கத்தைத்தான் சொல்கிறேன்.)

2000இல் அவர் இறந்தார். அடக்கத்திற்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாயும் மகளும் கிள்ளானில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் இந்நோய் பெரும்பாலும் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களிடையேதான் பரவியது. 1986இல் மலேசியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2002இல் ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாகத் தொற்றியிருந்தது. அவர்களின் மனைவியரும் பிள்ளைகளும் நம் வகுப்பறைகளிலும் நம் ஆலயங்களிலும்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நம் பிரசங்கங்களில் எய்ட்ஸ் என்னும் சொல் வந்தால் அது எச்சரிக்கையாக மட்டுமே வந்தது.

பல ஆண்டுகள் கழித்து, உகாண்டாவின் ஆங்கிலிக்கன் குருவானவர் கிதியோன் பியமுகிஷாவைப் பற்றிப் படித்தேன். 1991இல் அவருடைய மனைவி இறந்தார். சில மாதங்களுக்குப் பின்னரே இறப்பின் காரணம் அவருக்குத் தெரிந்தது. தாமும் பரிசோதித்துக்கொண்டார், அவருக்கும் தொற்று இருந்தது. 1992இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். ஆப்பிரிக்கச் சமயத் தலைவர்களுள் அவ்வாறு முதலில் அறிவித்தவர் அவரே என்பர். பிறகு, தம்மைப்போலவே தொற்றோடு வாழ்ந்த கைம்பெண் ஒருவரை மணந்தார். மருத்துவத்தின் துணையால் அவர்களுக்குத் தொற்றில்லாத பிள்ளைகள் பிறந்தார்கள்.

அவர் சொன்ன ஒரு கருத்து என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. விலகியிரு, உண்மையாயிரு, இயலாவிடில் ஆணுறை என்று மூன்று படிகளாக அறிவுரை சொல்லும்போது, நோயுற்றவர் எல்லாரும் முதல் இரண்டு படிகளில் வழுக்கியவர்கள் என்று ஆகிவிடுகிறது. கணவனுக்கு உண்மையாக வாழ்ந்து நோய் பெற்றவளுக்கு அந்த அறிவுரையில் இடம் ஏது? ஆகவே அவரும் அவரைப் போன்ற குருமாரும் பாதுகாப்பான நடைமுறை, கிடைக்கும் மருந்து, தாமே முன்வந்து செய்துகொள்ளும் பரிசோதனை, கல்வியால் வரும் வலிமை ஆகியவற்றை முன்வைத்தார்கள். ஒழுக்கத்தைப் போதிக்க வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. யார் பாவம் செய்தது என்ற கேள்வியை இயேசுவின் சீடர்களே ஒரு குருடனைப் பார்த்துக் கேட்டார்கள். இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை என்பதைச் சபைகள் மறந்துவிடுகின்றன.

சாம்பியாவில் இரட்சணிய சேனை நடத்தும் சிக்கன்கட்டா மருத்துவமனையைப் பற்றியும் படித்தேன். நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியபோது, 1987இல் அவர்கள் வீடுதேடிச் செல்லத் தொடங்கினார்கள். தாதியும் ஆலோசகரும் வாகனத்தில் சிற்றூர்களுக்குப் போய், நோயாளியின் வீட்டிலேயே அமர்ந்து மருந்து கொடுத்து, குடும்பத்தாரோடும் பின்னர் அண்டை வீட்டாரோடும் பேசினார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு வரும் ஒருவர், பத்துப் பிரசங்கங்கள் செய்யாததைச் செய்துவிடுகிறார் என்றே நினைக்கிறேன்.

இன்றைய நிலைமை வேறு. நம் நாட்டில் கருவுற்ற தாய்மாரைப் பரிசோதிக்கும் திட்டம் 1998 முதல் நடைபெறுகிறது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை மலேசியா ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் சான்றளித்தது. அரசு மருத்துவமனைகளில் மருந்து கிடைக்கிறது. அதை ஒழுங்காக உட்கொண்டு, கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியாகவும் பிறருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே இன்று பலரைத் தடுப்பது வெட்கமே. பரிசோதனைக்குப் போனால் சபையில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, காலம் கடந்து படுக்கையில் விழுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு இதை எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் பேசினேன். போதகர் ஐயாவே முதலில் பரிசோதனை செய்துகொண்டு அதைப் பிரசங்க பீடத்தில் சொல்லலாம் என்றேன். மாதந்தோறும் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களை, எதற்கு என்று கேட்காமல் அழைத்துச் செல்ல வாகனம் வைத்திருப்போர் சிலர் முன்வரலாம் என்றேன். கேட்ட இரகசியத்தைக் காக்கத் தெரியாதவர்களை வீடு சந்திக்க அனுப்பக் கூடாது என்றும் சொன்னேன். அதற்குச் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு மூத்த சகோதரி, "நம் சபையில் அப்படி யாரும் இல்லையே, டீச்சர்" என்றார்.

இருந்தார், அக்கா, நம் நாற்காலிகளை அவர்தான் அடுக்கினார் என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கூட்டத்தின் அடுத்த பொருளுக்குப் போனோம். ஆனால் அன்று மாலை இரண்டு பேர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, வாகனத்திற்குத் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை மீண்டும் நலக்கல்விப் பாடம். அந்த மாணவன் மறந்திருக்க மாட்டான். சன்னலோரத்து மேசையைப் பற்றி அவர்களிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன். அதைப் போட்டது யார் என்பதையும் சேர்த்து.