காருக்கும் சந்தா

பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். காருக்கும் சந்தா உண்டென்பது டெட்ராய்ட்டிலிருந்து மகன் சொல்லித்தான் தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் தொடங்கிய 'ஆன்ஸ்டார்' என்ற சேவை. அவனுடைய 2021-ஆம் வருஷத்துக் காரோடு கொடுத்த இலவச மாதங்கள் தீர்ந்துவிட்டன. பணம் கட்டித் தொடரலாமா என்று யோசனை கேட்டான்.

"வழி சொல்லவா பணம்? கைப்பேசி சும்மாவே சொல்கிறதே!" என்றேன்.

"வழிக்காக இல்லை, அப்பா. கார் பலமாக மோதினால், நம்மால் பேச முடியாவிட்டாலும் அதுவே உதவிக்கு ஆளைக் கூப்பிடும். பனிக்காலத்தில் உங்கள் மருமகள் இரவு வேலை முடிந்து தனியாக வருகிறாள்..."

கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் அதுவும் ஊமைதான். இருந்தாலும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வழிகாட்டியை விட்டுவிடு, ஆபத்துக்கு உதவுவதை மட்டும் வைத்துக்கொள். கட்டுகிற பணம் வீணாகவே போகட்டும் என்று வேண்டிக்கொள்" என்றேன்.

நானும் அப்படித்தான் வேண்டிக்கொள்கிறேன்.