கோட்டையின் கீழே

லிங்கன் நகர்க் குன்றின்மேல் நிற்கும் கோட்டையைக் காணச் செல்வோர் அதன் மதிலையே வியப்பர். ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நோர்மன் மன்னன் வில்லியம் 1068இல் அதனை எழுப்புவித்தபோது அவ்விடம் வெற்றிடமாயிருக்கவில்லை. அதன்பொருட்டு 166 மனைகள் அழிக்கப்பட்டன என்கிறது, 1086இல் அவனே தொகுப்பித்த டூம்ஸ்டே ஏடு. இரக்கத்தினால் எழுந்த குறிப்பன்று அது. இறை தராத மனைகளைக் கணக்கர் எண்ணினர், அவ்வளவே. தோற்றவருள்ளும் வீரர் மறக்கப்படவில்லை: ஈலியின் சதுப்பு நிலத்தில் 1071 வரை எதிர்த்துநின்ற ஹெரவார்டைக் கதைகள் பெருவீரனாக்கின. மனையிழந்தோர்க்குக் கதையில்லை, பெயருமில்லை. கோட்டை எல்லைக்கு வெளியே மேலும் 74 மனைகள் பாழாயின. அதற்குக் காரணம் அதிகாரிகளின் கொடுமையன்று, தீயூழும் வறுமையும் நெருப்புமே என்று அவ்வேடு வலிந்து உரைக்கின்றது. கொடுமையென்று எவரோ முறையிட்டிருக்க வேண்டும். இல்லையேல் இம்மறுப்பு எதற்கு?