மாமாவுக்குப் பெயர் என்ன?

"உங்கள் மகள் பத்திரமாக இருக்கிறாள். ஆனால் அவளை ஒப்படைக்க முடியவில்லை."

2024 மே மாதம் ஒரு மத்தியானம், செம்பூர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சென்னை விமான நிலையத்திலிருந்து இந்த போன் வந்தது. ஒன்பது வயதுப் பெண்ணை முதல்முறையாகத் தனியே விமானம் ஏற்றிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். முதல் வாக்கியம் தந்த நிம்மதியை இரண்டாவது வாக்கியம் பறித்துக்கொண்டது.

தப்பு என்னுடையதுதான். அவளை அழைத்துப்போக வந்தவன் என் தம்பி. விமான நிறுவனத்தின் படிவத்தில், வீட்டில் அவனைக் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டேன். ஆதார் அட்டையில் அவனுக்கு இருப்பதோ எங்கள் தாத்தாவின் பெயர். ஊழியர் என் மகளிடமே கேட்டிருக்கிறார்.

"இவர் யாரும்மா?"

"மாமா."

"மாமா பேர் என்ன?"

"மாமாதான்."

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நம் வீடுகளில் எந்தக் குழந்தைக்கு மாமாவின் முழுப்பெயர் தெரியும்? சரியான பெயரைக் கடிதமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பி, குழந்தை கைக்கு வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அந்த ஊழியரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் உறைத்தது. மாமா என்று சொல்லிக்கொண்டு வந்த யாரிடமும் அவர் என் பெண்ணைக் கொடுத்துவிடவில்லை. அதற்காகத்தானே கூடுதல் கட்டணம் கட்டினேன்?

என் காலத்தில் படிவம் கிடையாது. 1992 கோடை விடுமுறையில், இதே ஒன்பது வயதில், என்னை வி.டி. ஸ்டேஷனில் மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிட்டார் அப்பா. அதே பெட்டியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். "அண்ணாச்சி, பிள்ளையைப் பார்த்துக்கிடுங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் ஏற்பாடு. குண்டக்கல்லில் தயிர்சாதம் வாங்கித் தந்து, மெட்ராஸில் ரயில் மாற்றி, திருநெல்வேலியில் ஆச்சியின் கையில் என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் பெட்டியைத் தூக்கினார் அண்ணாச்சி.

இரண்டு மணி நேர விமானப் பயணத்தில் ஊர்க்காரரைத் தேட முடியாது. படிவம்தான் அண்ணாச்சி. அதனால் அதை ஒழுங்காக நிரப்புங்கள். பொதுவாக 5 வயது முடிந்து 12 வயது ஆகாத குழந்தைகளை உள்நாட்டு விமானங்களில் தனியே ஏற்றிக்கொள்கிறார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அழைத்துப்போக வருபவரின் பெயரை அடையாள அட்டையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். அவர் அசல் அட்டையோடு வரட்டும். இடையில் மாறாத, பகல் நேர விமானமாகப் பாருங்கள். தாமதமானாலும் இருட்டுவதற்குள் போய்ச் சேரும். மும்பையில் எந்த டெர்மினல் என்பதை முந்தின நாளே டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள். விமானம் தரையை விட்டுக் கிளம்பும்வரை நீங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். முகவரியும் இரண்டு போன் நம்பர்களும் எழுதிய தாள் குழந்தையின் சட்டைப்பையில் இருக்கட்டும். செல்போனில் சார்ஜ் தீரும், தாளில் தீராது.

போகும் முன் என் மகள் ஒரு நிபந்தனை விதித்திருந்தாள். தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வழிகாட்டிப் புத்தகம் வேண்டும். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்கு அழைத்துப் போனேன். பளபளப்பான அட்டையைப் பார்த்து ஒன்றை எடுத்தாள். "இரு, முதலில் தாராவியைப் பார்ப்போம்" என்றேன்.

வழிகாட்டிப் புத்தகத்துக்கு நான் வைக்கும் பரீட்சை இது. நமக்கு நன்றாகத் தெரிந்த இடத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது? நான் பிறந்து வளர்ந்தது தாராவி, 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில். அவள் எடுத்த இந்தியப் புத்தகத்தில் தாராவிக்கு இரண்டே வரி: பெரிய சேரி, பொருள்கள் பத்திரம். வேறொன்றில் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரக் குயவர்களின் சூளைகள் இருந்தன. தோல் பதனிட வந்த தமிழர்கள் இருந்தார்கள். பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்து மறுபடி மூலப்பொருளாக்கும் 13வது காம்பவுண்டும் இருந்தது. என் தெருவில் மனிதர்கள் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தவர், திருநெல்வேலியைப் பற்றிச் சொல்வதையும் நம்பலாம். அதையே வாங்கினோம்.

ஆனால் நான் ஒன்றைக் கோட்டை விட்டேன். பதிப்பு ஆண்டு. சென்னையில் தென்மாவட்டப் பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து புறப்படும் என்றது அந்தப் புத்தகம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு அவை அங்கே போய்விட்டன. தம்பி சிரித்துக்கொண்டே போனில் சொன்னான். கோயிலும் அருவியும் எத்தனை வருடமானாலும் இடம் மாறாது. அதற்குப் பழைய புத்தகம் போதும். பஸ், ரயில், கட்டணத்துக்கு அன்றன்றைக்கு விசாரிக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தவள், புத்தகத்தின் பின்அட்டை உட்புறத்தில் ஒரு பட்டியல் எழுதியிருந்தாள். மாமா, அத்தை, ஆச்சி என்று வரிசையாக உறவு; எதிரே ஒவ்வொருவரின் முழுப்பெயர். ஆச்சியின் பெயரைக் கேட்டபோது ஆச்சி வெட்கப்பட்டாளாம்.

"அம்மா, உன்னை ரயிலில் கூட்டிப் போனாரே, அந்த அண்ணாச்சி பேர் என்ன?" என்று பேனாவோடு உட்கார்ந்தாள்.

அப்பா இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். "அண்ணாச்சிதான்" என்றேன்.