யாரைக் கேட்டார்கள்?

மயிலாப்பூரில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினைந்து வயது. போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு பாரம் கொண்டு வந்தாள். வளரும் பெண்களின் உடல்நலம் பற்றி யாரோ ஆராய்ச்சி செய்கிறார்களாம், ரத்தம் எடுப்பார்களாம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அம்மா ஒரு வரிகூடப் படிக்காமல், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பெண் நேரே என்னிடம் வந்தாள். "ரத்தம் என்னுடையது, மாமா. கையெழுத்து அம்மாவுடையது. என்னை யாருமே கேட்கவில்லையே?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இதே சென்னையில் நடந்த பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது.

எய்ட்ஸ் என்பது அமெரிக்கா சமாசாரம், நம் ஊருக்கு வராது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனீதி சாலமன் சொற்படி, பாலியல் தொழிலில் பிடிபட்டுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். 1986இல் வேலூரில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமியின் தடயம் தெரிந்தது. தேசம் விழித்துக்கொண்டது. அதனால் பிழைத்த உயிர்களை யார் எண்ண முடியும்?

ஆனால், எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. சொன்னாலும் புரிந்திருக்காது என்று நிர்மலாவே பின்னாளில் ஒளிக்காமல் சொன்னார். அந்நாளைய வழக்கம் அது. அவரைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பிறகு கிருமி கண்ட பெண்கள் பலரைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. 1990இல் உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஊருக்கு எச்சரிக்கை கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது பூட்டு. கேட்காமல் எடுக்கிறவர்களுக்கு, எடுத்த பின் அந்த மனுஷி என்ன ஆவாள் என்று யோசிக்கவும் தோன்றாது போலிருக்கிறது.

இன்று நிலைமை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வகுத்த நெறிமுறைப்படி, பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. ஏழு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் புரியும்படி சொல்லி, அதன் இசைவைக் கேட்க வேண்டும்.

இதைச் சொல்லி, பாரத்தை இருவருமாக வரிவரியாகப் படித்தோம். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அவளுக்கென்றே ஒரு கோடு இருந்தது. அதிலும் அவள் அம்மாவே கையெழுத்துப் போட்டிருந்தாள்!

பெண் சிரித்துக்கொண்டே அதை அடித்தாள்.

"நாளைக்கு டாக்டரம்மாவிடம் நாலு கேள்வி கேட்கிறேன், மாமா. அப்புறம் போடுவதா வேண்டாமா என்று பார்க்கலாம்."