மணியின் நெஞ்சு

நம் இல்லத்து நாய்க்கு மணி என்று பெயர். வயது பதினொன்று, வெள்ளை நிறம், குள்ள உருவம். இன்ன சாதி என்று சொல்லத் தெரியாத தம்பிலுவில் நாய். சென்ற மார்கழி மழையிலே அது இருமத் தொடங்கிற்று. சளியென்று எண்ணி இஞ்சியும் தேனும் புகட்டினோம். தை பிறந்தும் இருமல் நிற்கவில்லை. இரவில் படுத்தால் கூடிற்று. மாசியில் ஒருநாள் படலையடிக்கு ஓடிய மணி மயங்கி விழுந்தது. இரண்டு மாதங்களை இஞ்சியிலே கழித்த நமது மடமையை வாசகர்கள் பொறுத்தருள்க.

நெஞ்சிலே குழாய் வைத்துக் கேட்ட மிருக வைத்தியர், "மாஸ்டர், இது சளியல்ல, இதயம். பேராதனைக்குக் கொண்டு போங்கள்" என்றார். அங்கே பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்குரிய போதனா வைத்தியசாலை உண்டு. ஆனால் போவதெப்படி? அக்கரைப்பற்று நண்பரிடம் வான் இருந்தது. அவர் முஸ்லிம், நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும் என்பது அவர்களின் மார்க்க விதி. கேட்கவே கூசினோம். அவரோ பின்னாசனத்திலே தார்ப்பாயை விரித்துவிட்டு, "கழுவுறது என்ட வேலை மாஸ்டர், நீங்க ஏறுங்க" என்றார். அம்பாறை, மகியங்கனை வழியாக விடியுமுன் புறப்பட்டோம்.

எக்ஸ்றேப் படத்தை வெளிச்சத்திலே வைத்து இளம் வைத்தியர் விளக்கினார். மனிதனுக்கு விலா 12 சோடி, நாய்க்கு 13. நாய்க்கு நாய் உருவம் வேறுபடுவதால், இதயம் பெரிதா சிறிதா என்பதை அங்குலத்தால் அளந்து பயனில்லை. ஆகவே இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் எடுத்து, அதே நாயின் முதுகெலும்புக் கணுக்களின்மேல், நெஞ்சின் நாலாம் கணுவிலிருந்து வைத்து எண்ணிக் கூட்டுகிறார்கள். அமெரிக்காவிலே 1995-இல் வெளியான முறை இது. பெரும்பாலான நாய்களுக்கு எட்டரை முதல் பத்தரைக் கணு வரை வரும். மணிக்குப் பன்னிரண்டு! இடப்புற வால்வு தேய்ந்து இரத்தம் பின்னோக்கி ஒழுக, இதயத்தின் மேலறை பருத்து மூச்சுக்குழாயை உந்திக்கொண்டிருந்தது. நாம் சளியென்று நம்பியது அதைத்தான். சிறு நாய்களுக்கு முதுமையில் அதிகம் வரும் நோயாம்.

மின்பதிவும் எடுத்தார்கள். 1909-இல் லண்டனிலே வாலர் என்னும் அறிஞர் தம் நாய் ஜிம்மியின் கால்களை உப்புநீரில் நிறுத்தி இப்பதிவைக் காட்டியபோது, அது கொடுமையா என்று பாராளுமன்றத்திலே கேள்வி எழுந்ததாம். மணியோ கொட்டாவி விட்டது.

பூனை வளர்ப்போர் இதனைக் கேட்க வேண்டும். பூனைக்கு இதயத் தசை உள்நோக்கித் தடிப்பதே மிகுதி. அதனால் எக்ஸ்றேயிலே வெளிவடிவம் செம்மையாகவே தோன்றக்கூடும். ஒலியலைப் படமே உண்மையைக் காட்டும். இதய நோயுற்ற பூனை இருமுவதும் அரிது. வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ, பின்னங்கால்கள் திடீரென விழுந்தாலோ ஒருநாளும் தாமதிக்கலாகாது.

நீரிறக்கும் மாத்திரையும் இதயத்துக்கு வலுவூட்டும் மாத்திரையும் தந்தார்கள். தேய்ந்த வால்வு இனித் திரும்பாது. உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுமாறும், முப்பதைத் தாண்டி ஏறினால் உடனே தெரிவிக்குமாறும் பணித்தார்கள். வீட்டிலே இப்போது மகள் மணிக்கூட்டைப் பார்க்க, நாம் மூச்சை எண்ணுகிறோம். நேற்றிரவு 26.