எங்கே போகிறது தண்ணீர்?

எங்கள் பங்கு இல்லத்து முற்றத்தில் நிற்கும் டீசல் ஜீப்புக்கு வயது பதினேழு. எனக்கு முன் இங்குப் பணியாற்றிய பங்குத்தந்தையர் மூவரையும் அது சுமந்திருக்கிறது. ஆறு கிளைப்பங்குகளின் ஞாயிறு திருப்பலிகளுக்கும், நோயில்பூசுதலுக்கு அழைக்கும் தோட்டத்து வீடுகளுக்கும், நள்ளிரவு மரணங்களுக்கும் அதுவே துணை. கடந்த ஆண்டு சூன் மாதம் குருக்களின் ஆண்டுத் தியானத்திற்காக வத்தலக்குண்டு வழியே கொடைக்கானல் மலை ஏறிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்குகளிலிருந்து நீராவி சீறியது. மௌனத் தியானம் எனக்கு மட்டும் அன்று மதியமே, ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் தொடங்கிவிட்டது.

ரேடியேட்டர் அடியோடு கெட்டிருந்தது. அதற்கு நானும் பொறுப்பு. கூலன்ட் வாங்கும் காசை மிச்சப்படுத்துவதாக எண்ணி, பங்கு இல்லத்துப் போர்வெல் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றி வந்தோம். துணி வெளுக்காத, பருப்பு வேகாத உப்புத் தண்ணீர் அது. குழாய்களின் உள்ளே சுண்ணாம்பு படிந்து, மூட்டுகள் அரித்து, பல இடங்களில் கசியத் தொடங்கியிருந்தன. சூலை மாதம் புதிய ரேடியேட்டர் பொருத்தினோம். கூலன்ட்டும் ஊற்றினோம். செலவைக் கேட்டுப் பங்குப் பேரவையின் பொருளாளர் ஒரு நெடுமூச்சு விட்டார்.

இரண்டு வாரத்தில், கூலன்ட் நிற்கும் பிளாஸ்டிக் டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கியது. பட்டறை வைத்திருக்கும் பாய் பதறவில்லை. "புது ரேடியேட்டர் போட்டா உள்ளே காத்து நிக்கும் ஃபாதர். அது வெளியேறுற வரைக்கும் ஒண்ணு ரெண்டு தடவை குறையத்தான் செய்யும்" என்றார். ஊற்றினேன், குறைந்தது. மீண்டும் ஊற்றினேன், மீண்டும் குறைந்தது. மூன்றாம் முறை என் பொறுமையும் அந்தக் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிட்டது. பழைய ரேடியேட்டருக்கு வண்ணம் பூசிப் புதிதென்று தலையில் கட்டிவிட்டாரோ என்ற ஐயம் எழுந்தது. அதைத் தொலைபேசியில் அவரிடமே கேட்டும் விட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "வண்டியைக் கொண்டுவாங்க, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

வியப்பு என்னவெனில், தரையில் ஒரு சொட்டும் இல்லை. மெழுகுவர்த்திகள் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து மூன்று இரவுகள் வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். விடியலில் அது ஈரமின்றியே கிடந்தது. ரப்பர்க் குழாய்களின் கிளிப்புகள் இறுக்கமாக இருந்தன. மூடியின் மீது ஐயப்பட்டுப் புது மூடியும் வாங்கினேன். அம்மூடி எளிய பொருளன்று. அதன் தலையில் 0.9 என்று பொறித்திருக்கும். வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் ஏறத்தாழ அவ்வளவு மடங்கு அழுத்தத்தை அது உள்ளே தேக்கி வைக்கிறது. அந்த அழுத்தத்தால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. 2100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலில் திறந்த பாத்திரத்து நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலை ஏறும் வண்டிக்கு மூடியின் அருமை இன்னும் அதிகம். ஆனால் புது மூடி போட்ட பின்னும் மட்டம் இறங்கியது.

எஞ்சியிருந்தது எல்லாரும் அஞ்சுகின்ற ஒன்று: ஹெட் கேஸ்கெட். அது விரிசல் கண்டால் கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே போய் எரிந்து புகையாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பாய் முதலில் அதைத்தான் பார்த்தார். ஆயில் அளவுக் கம்பியை உருவி, ஆயில் பால் கலந்த தேநீர் போலத் திரிந்திருக்கிறதா என்று நோக்கினார், இல்லை. புகைபோக்கியில் இனிப்பு வாடையோடு வெண்புகை வருகிறதா என்று முகர்ந்தார், இல்லை. மூடியைத் திறந்து வைத்து, ஆறிய எஞ்சினை முடுக்கி, நீரில் குமிழிகள் எழுகின்றனவா என்று காத்திருந்தார், அதுவும் இல்லை. நான் மனத்துக்குள் செபமாலையின் துயர மறையுண்மைகளில் இருந்தேன்.

பிறகு ஒரு கைப்பம்பை எடுத்து வந்தார். அழுத்தமானி பொருத்தியது. எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியின் இடத்தில் அதைப் பொருத்தி 0.9 வரை காற்றடித்தார். "இனி பேசாம இருப்போம்" என்றார். ஐந்து நிமிடம் கழித்து முள் இம்மியளவு பின்வாங்கியது. பத்து நிமிடத்தில் நன்றாகவே தெரிந்தது. அவர் கைவிளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்து என்னையும் அழைத்தார். என் வெள்ளை அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு நானும் படுத்தேன். பெல்ட் ஓடும் புல்லிக்குப் பின்னால் வாட்டர் பம்பின் அடிப்பகுதியில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் நீர் அவ்வழியே வெளிவருவதற்கென்றே அமைத்த துளை அது. அதிலிருந்து பச்சையும் வெண்மையும் கலந்த காய்ந்த தடம் ஒன்று எஞ்சின் மீது இறங்கியிருந்தது. துளையின் வாயில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. வண்டி ஓடும்போது மட்டும் அது கசியும்; மின்விசிறிக் காற்றும் எஞ்சின் சூடும் அதை அப்போதே உலர்த்திவிடும். நிறுத்தி அழுத்தம் தணிந்ததும் கசிவும் நின்றுவிடும். நான் விரித்த அட்டை எப்படி நனையும்?

"ரேடியேட்டர் மாற்றும்போது இது இல்லையே, பாய்?" என்றேன்.

"அப்பவே இருந்திருக்கும் ஃபாதர். பழைய ரேடியேட்டர் ஒழுகிட்டே இருந்துச்சு, உள்ளே அழுத்தமே நிக்கல. அதனால பம்ப் தப்பிச்சுது. இப்போ ரேடியேட்டர் கெட்டி. அழுத்தம் முழுசா ஏறுது. அது அடுத்து எந்த இடம் பலவீனமோ அதைத்தானே தேடும்?"

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார். புதுப் பம்ப் பொருத்த அரை நாளாயிற்று. அந்த அரை நாளும் அவர் பட்டறைப் பலகையில் அமர்ந்திருந்த எனக்கு நினைவில் நின்றது ஜீப் அன்று; ஆகஸ்டு மாதம் பங்கு இல்லத்துக்கு வந்து நின்ற ஒரு பெண்மணி.

இனி எழுதுவது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று, பங்கறிந்த செய்தி. அக்குடும்பத்தின் இசைவு பெற்றே எழுதுகிறேன். அவர் கணவர் கொத்தனார், தேர்ந்த கைவினைஞர், பல ஆண்டுகளாகக் குடித்து வந்தார். கடந்த ஆண்டுத் தவக்காலத்தில் நான் அவரோடு பலமுறை பேசினேன். சாம்பல் புதனன்று விட்டவர் பின்பு தொடவே இல்லை. உயிர்ப்பு ஞாயிறன்று பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் புரியும்படி, மறையுரையில் அவரைப் பாராட்டினேன். பாராட்டியது அவரையா, என்னையா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் வந்த அப்பெண்மணி உட்காரவில்லை. "குடிச்சிட்டு வந்தா விழுந்து தூங்கிருவாரு சாமி. இப்ப விடிய விடிய முழிச்சிருக்காரு. யாரு என்ன பேசினாலும் சீறுறாரு. பாத்திரம் பறக்குது. பிள்ளைங்க அவரு செருப்புச் சத்தம் கேட்டாலே ஒடுங்கிப் போகுதுங்க" என்றார். நான் சொன்ன மறுமொழியை எழுதக் கூசுகிறது. "குடியை விட்டாரே, அதற்கு நன்றி சொல்லாமல் குறை சொல்கிறாயே அம்மா! கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்றேன். புது ரேடியேட்டரைக் குறை சொல்பவரிடம் பேசுவது போலவே பேசினேன். அவர் "சரிங்க சாமி" என்று போய்விட்டார்.

சிறுவயதில் ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு என மனப்பாடம் செய்தோம்: அகங்காரம், கோபம், மோகம், லோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். அவருக்கு முன்பு போசனப்பிரியம், இப்போது கோபம் என்று பட்டியலில் விரல் வைத்து நான் தேடினேன். குருமடத்து வகுப்பில் கேட்டது ஒன்று அந்தப் பட்டறைப் பலகையில்தான் நினைவுக்கு வந்தது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எட்டு என்றார். அவற்றுள் ஒன்று துயரம். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அவற்றை ஏழாக வகுத்தபோதும் துயரம் அதில் இருந்தது. காலப்போக்கில் அதன் இடத்தைச் சோம்பல் பிடித்துக்கொண்டது. நான் மனப்பாடம் செய்த பட்டியலில் துயரத்திற்கு இடமில்லை. ஆகவே அதைத் தேட எனக்குத் தோன்றவும் இல்லை.

அன்று மாலை அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். நான் இப்பங்கிற்கு வந்து மூன்று ஆண்டுகள்; அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, மே மாதத்தில், அவர்களுடைய மூத்த மகனின் பெயர் இருந்தது. வயது 14. விசாரித்தபோது உபதேசியார் தாழ்ந்த குரலில் சொன்னார்: பள்ளி விடுமுறையில் தகப்பனாரோடு வேலைக்குப் போன பையன், சாரத்திலிருந்து விழுந்தான். அழைத்துப்போனவர் தகப்பனார். சாரம் கட்டியவரும் அவரே. குடி அந்த ஆண்டில்தான் தொடங்கியது. பங்கு முழுவதும் அறிந்த இதை, குடியை விடும்படி அத்தனை முறை பேசிய நான் ஒருமுறையும் கேட்டறியவில்லை.

அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் அந்த அம்மாவிடம், நான் சொன்னது தவறு என்றேன். பின்பு கொத்தனாரோடு திண்ணையில் அமர்ந்தேன். அன்று அவர் பேசவில்லை. அடுத்த செவ்வாயும் பேசவில்லை. மூன்றாம் செவ்வாய், "ஜீப் சரியாயிருச்சா சாமி?" என்று கேட்டார். பம்ப் கதையைச் சொன்னேன். வேறு எதையும் அதோடு சேர்த்துச் சொல்லவில்லை. ஒப்புமைகளை நீட்டிக்கொண்டே போவது மறையுரையாளர்களைப் பற்றும் நோய். தகப்பனின் நெஞ்சு அரை நாளில் கழற்றி மாட்டும் பம்ப் அன்று. ஆனால் அவர் வெகுநேரம் கழித்துத் தாமாகவே, "அந்தக் கயிற்றை நான்தான் முடிஞ்சேன்" என்றார். அன்றுதான் அவர் மகனின் பெயரைச் சொல்லக் கேட்டேன்.

அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அவரை நானே ஜீப்பில் அழைத்துச் சென்றேன். பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சினார். நானும் உடன் அமர்ந்திருந்தேன். இப்போது மாதம் ஒருமுறை போகிறார். சில இரவுகள் தூங்குகிறார். சில இரவுகள் இல்லை. பாத்திரங்கள் பறப்பது நின்றிருக்கிறதென்று அந்த அம்மா சொன்னார். சொல்லிவிட்டு, நான் நம்புகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார்.

சென்ற வாரம் கல்லறைத் தோட்டத்தின் கிழக்குச் சுவரில் பெயர்ந்திருக்கும் காரையைப் பூசித் தரட்டுமா என்று அவர் கேட்டார். மகனை அடக்கம் செய்த பக்கம் அது. ஒன்பது ஆண்டுகளாக அவர் அந்தப் பக்கம் போனதில்லை. இரண்டு மூட்டை சிமெண்டு வாங்கி ஜீப்பில் ஏற்றி வந்து, சாக்கிறீஸ்துவுக்குப் பின்னால் நனையாமல் அடுக்கி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் வரவில்லை.