உச்சி தெரிகிற இடத்தில் ஒரு கல்

பிரான்ஸின் பெடுவான் கிராமத்திலிருந்து மோன் வான்டூ உச்சிக்கு சுமார் 21 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். முதலில் காடு, நிழல் இருக்கும், காற்று இருக்காது. ஷாலே ரேனார் தாண்டினால் மரமே கிடையாது. ஜூலையிலும் பனி கொட்டியதுபோல வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள். மேலே கொளுத்தும் வெயில்.

1967 ஜூலை 13. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் பிரிட்டனின் டாம் சிம்ப்சன் இங்கேதான் தள்ளாடி விழுந்தார். தூக்கி உட்கார வைத்தார்கள். மிதித்தார். மறுபடி விழுந்தார், பிழைக்கவில்லை. வயது 29. உடலில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. களைப்பு என்பது ‘போதும்’ என்று மூளை போடும் சத்தம். அந்த மாத்திரை சத்தத்தைத்தான் அடக்கும், உடம்பின் சூட்டையல்ல.

அன்று பந்தயத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே கட்டுப்பாடு. இன்று அவரது நினைவுக்கல்லில், ஏறி வருகிறவர்கள் தங்கள் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறார்கள்.